எத்தனை மார்க்கில் போனது?

அக்கா மகளுக்கு அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு முதல் முறை இடம் கிடைக்காமல் போனபோது, கும்பகோணத்திலிருந்து என் அப்பா போனில் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை மார்க்கில் போச்சும்மா?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதில் யாருக்குமே தெரியாது என்பதை அவருக்குப் புரியவைக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவர் கேட்டதில் தவறில்லை. நம் ஊரில் மருத்துவ இடம் கை நழுவினால் அது ஒரு எண்ணால் நழுவுகிறது. முன்பு பிளஸ் டூ கட்-ஆஃப், இப்போது நீட் மதிப்பெண். கலந்தாய்வு இன்ன மதிப்பெண்ணில் நின்றது, நமக்கு அதில் ஆறு குறைவு, சரி, அடுத்த வருடம் இன்னொரு தடவை எழுதலாம். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் இப்படித் திரும்ப எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 சதவீதமாக இருந்தது, 2020-21இல் 71.42 சதவீதமாக உயர்ந்துவிட்டது என்று, நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு சொன்னது. 'ரிப்பீட்டர்' என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகிப்போன காலம் இது. அந்த வருடத்தின் வலி நமக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று தெரிந்துதான் அந்தப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

அமெரிக்க எம்.டி. கல்லூரிகளில் அந்தத் தூரத்தை யாரும் சொல்வதில்லை. (அங்கே எம்.டி. என்பது கல்லூரிப் பட்டம் முடித்தபின் படிக்கும் முதல் மருத்துவப் பட்டம்.) எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. 472 முதல் 528 வரை மதிப்பெண். கல்லூரி மதிப்பெண் சராசரியும் உண்டு. 2023இல் சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 511.7, கல்லூரிச் சராசரி நான்குக்கு 3.77. ஆனால் இவை கதவருகே கொண்டுபோய் நிறுத்தும் எண்கள் மட்டுமே. அதற்கு மேல் தன்விவரக் கட்டுரை, பதினைந்து செயல்பாடுகளின் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி கட்டுரைகள், நேர்காணல் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு குழு முடிவெடுக்கிறது. கிடைக்காதவருக்கு வருவது நான்கு வரி மின்னஞ்சல். பல இடங்களில் காரணம் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். சில இடங்களில் மறுப்புக் கடிதம்கூட வருவதில்லை. வகுப்புகள் தொடங்கிவிட்ட செய்தியைப் பார்த்துத்தான் நமக்கு இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த மௌனம் அமெரிக்க மாணவர்களுக்கும் உண்டு. 2023-24 சேர்க்கைக்கு 52,577 பேர் விண்ணப்பித்து 22,981 பேர் சேர்ந்தார்கள். பாதிக்கு மேல் வெளியே நின்றார்கள். விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முன்பே ஒருமுறையாவது முயன்றவர். ஆகவே திரும்ப விண்ணப்பிப்பது அங்கே வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. வெளிநாட்டு மாணவரின் நிலை வேறுபடுவது இரண்டு இடங்களில். ஒன்று, அவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் மிகக் குறைவு. இரண்டு, அவருடைய காத்திருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கதவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 150க்கும் மேற்பட்ட எம்.டி. கல்லூரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரின் விண்ணப்பத்தைப் பார்க்கவே செய்கிறது. மாநில அரசுக் கல்லூரிகள் தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. டெக்சாஸில் வெளியாருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடமில்லை என்று சட்டமே இருக்கிறது. 'வெளிநாட்டவரை ஏற்கிறோம்' என்று சொல்லும் கல்லூரிகளில்கூடச் சில கனடா நாட்டவரை மட்டுமே மனதில் வைத்துச் சொல்கின்றன. ஆண்டுதோறும் 2000க்குச் சற்றுக் குறைவான வெளிநாட்டவர் முயல்கிறார்கள். சேர்கிறவர்கள் சில நூறு பேரைத் தாண்டுவதில்லை.

இனி அந்தக் கடிகாரம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான், ஆனால் வீட்டிலிருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

அமெரிக்காவில் பட்டம் முடித்த வெளிநாட்டு மாணவர் படிப்போடு தொடர்புள்ள வேலையில் 12 மாதம் இருக்கலாம். இதை ஓபிடி என்பார்கள். உயிரியல் போன்ற அறிவியல் பட்டமாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். வரலாறோ இலக்கியமோ படித்திருந்தால் அந்த நீட்டிப்பு இல்லை. முதல் 12 மாதத்தில் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள்.

மருத்துவச் சேர்க்கையோ ஒன்றேகால் வருடம் நீளும் சடங்கு. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியிலிருந்து அனுப்பலாம். ஜூலை, ஆகஸ்டில் செகண்டரி கட்டுரைகள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை நேர்காணல்கள். அக்டோபர் நடுவிலிருந்து இடம் கிடைத்தவர்களுக்குச் சொல்லத் தொடங்குவார்கள். ஏப்ரல் 30 வாக்கில், ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட வேண்டும். அப்போதுதான் வெயிட்லிஸ்ட் நகரத் தொடங்கும். அது வகுப்பு தொடங்கும் நாள் வரைகூட நகரும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் பெண் 2023 மே மாதம் உயிரியலில் பட்டம் வாங்கினாள். ஜூனில் விண்ணப்பம் போட்டாள், ஜூனிலேயே ஓபிடியும் தொடங்கியது. 2024 ஏப்ரலில் ஒரே ஒரு கல்லூரியின் வெயிட்லிஸ்டில் இருந்தாள். அவளுடைய ஓபிடி 2024 ஜூனில் முடிகிறது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க, ஓபிடி முடியும் நாளுக்கு முந்தைய 90 நாள்தான் இருக்கிறது. அதாவது மார்ச் முதல் ஜூன் வரை. மருத்துவ இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று மிக அதிகமாகத் தவிக்கும் அதே மூன்று மாதம். அந்த நீட்டிப்புக்கு, வேலை கொடுப்பவர் இ-வெரிஃபை என்ற அரசு முறையில் பதிவு செய்திருக்க வேண்டும், சம்பளம் தர வேண்டும், பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவள் அப்போது ஒரு சிறிய மருத்துவமனையில் மருத்துவருக்குக் குறிப்பெழுதும் வேலையில் இருந்தாள். நோயாளிகளைப் பக்கத்திலிருந்து பார்க்க அதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் அந்த இடம் இ-வெரிஃபையில் இல்லை. வெயிட்லிஸ்ட் நகர்ந்தால் வேலையே வேண்டாம். நகராவிட்டால் ஆறு வாரத்தில் வேறு வேலை வேண்டும். ஆய்வகங்களுக்கு அவள் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்த இரவுகளில் ஒன்றில் என்னிடம் சொன்னாள், "சித்தி, எனக்கு இடம் இல்லைன்னு சொல்லிட்டாக்கூடப் பரவாயில்லை. எதையாவது சொல்லிட்டா தேவலை."

இதைப் பலவீனம் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 45 தன்னார்வலர்கள் கணினி விளையாட்டு ஒன்றில் கற்களைப் புரட்டினார்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி சிறு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதி இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து சொன்னார்கள். அவள் சொன்னது அதேதான்.

"கவலைப்படாதே, நல்லதே நினை" என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். மனதைச் சமாளிக்க அவர்கள் செய்த தந்திரங்கள் காத்திருக்கும் காலத்தின் தவிப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அது மட்டுமல்ல, கவலைப்பட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள், நிம்மதியாக இருந்தவர்களைவிட மோசமான முடிவை நன்றாகத் தாங்கினார்கள். முன்பே மனதுக்குள் அடுத்த வழியை யோசித்து வைத்திருந்தார்கள். அதே குழுவின் பிந்தைய ஆய்வுகளில், தன்னை மறந்து ஈடுபடும்படியான ஒரு வேலை கையில் இருந்தவர்கள் காத்திருப்பைக் கொஞ்சம் எளிதாகக் கடந்தது தெரிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். வெளிநாட்டு மாணவரின் தவிப்பை மனப்பயிற்சியால் மட்டும் தீர்க்க முடியாது, ஏனென்றால் அதில் பாதி மனதில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. கல்லூரி என்ன முடிவெடுக்கும் என்பது தெரியாது. ஆனால் எந்தத் தேதிக்குள் எந்தத் தாளை அனுப்ப வேண்டும் என்பது தெரியும். இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும்போதுதான் எல்லாமே இருட்டாகத் தெரிகிறது. பிரித்து வைத்தால், தெரியாதது கொஞ்சம் சிறிதாகும்.

அவள் பிரித்து வைத்தாள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், இடம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று இரண்டுக்கும் தேதிகளை எழுதி வாங்கினாள். மே முதல் வாரத்துக்குள் வெயிட்லிஸ்ட் நகராவிட்டால் அது இல்லை என்றே வைத்துக்கொண்டு வேலை தேடுவது, நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தாள். பின்னால் இடம் வந்தால் வேலையை விட்டுவிட்டுப் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. மே நடுவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. ஜூனில் நீட்டிப்பு மனு போனது. உரிய காலத்தில் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை 180 நாள் தொடர்ந்து வேலை செய்யலாம் என்பதே பெரிய மூச்சு. வெயிட்லிஸ்ட் நகரவே இல்லை.

அப்புறம் வந்தது கடினமான கேள்வி. உடனே திரும்ப விண்ணப்பிப்பதா, ஒரு வருடம் விட்டு விண்ணப்பிப்பதா?

அமெரிக்க ஆலோசகர்கள் எல்லாரும் சொல்வது, எதுவும் மாறாத விண்ணப்பத்தை அடுத்த ஜூனில் மறுபடி அனுப்பாதே, ஒன்றிரண்டு வருடம் எடுத்து உன்னை வளர்த்துக்கொண்டு வா என்பது. நல்ல ஆலோசனைதான். பல கல்லூரிகள் "போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன மாற்றம்?" என்று செகண்டரியில் நேராகவே கேட்கின்றன. சில கல்லூரிகளில் இத்தனை முறைக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் இந்த ஆலோசனை, தன் வீட்டில் தன் நாட்டில் இருந்துகொண்டு காத்திருக்கக் கூடியவருக்காகச் சொல்லப்பட்டது. மொத்தம் 36 மாதம் மட்டுமே கையில் இருப்பவர் ஒரு வருடத்தை விட்டால், ஒரு முயற்சியையே விடுகிறார். உடனே போட்டால் பழைய விண்ணப்பத்தையே போடுகிறார். எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. முதல் முறை எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதைப் பொறுத்தது.

அதைக் கண்டுபிடிக்க ஓரளவு வழி இருக்கிறது. காரணம் சொல்ல மாட்டார்கள் என்றாலும், எந்தக் கட்டத்தில் நின்றது என்பது நமக்குத் தெரியுமே. நேர்காணலுக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை என்றால் தாளில் ஏதோ இருக்கிறது. மதிப்பெண்ணாக இருக்கலாம், கட்டுரையாக இருக்கலாம், தாமதமாக அனுப்பியதாக இருக்கலாம். வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கல்லூரிப் பட்டியலைத்தான். மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் தகவல் தளத்தில், எந்தக் கல்லூரி வெளிநாட்டவரை ஏற்கிறது, போன வருடம் எத்தனை பேரைச் சேர்த்தது என்று பார்க்கலாம். எங்கள் பெண் முதல் முறை போட்ட 22 கல்லூரிகளில் ஒன்பது, வெளிநாட்டவர் ஒருவரைக்கூடச் சேர்க்காதவை. அந்த ஒன்பது மௌனங்களுக்கும் அவள் தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அன்று அவள் அழுதாள், ஆனால் அது வேறு மாதிரி அழுகை. நேர்காணல் வரை போய் வெயிட்லிஸ்டில் நின்றால், தாள் போதுமானதாக இருந்திருக்கிறது என்று பொருள். அப்போது திருத்த வேண்டியது பேச்சை, அல்லது எதையும் பெரிதாகத் திருத்தாமல் சரியான கல்லூரிகளுக்குச் சீக்கிரம் அனுப்புவதை.

அவளுக்கு ஓர் அழைப்புதான் வந்திருந்தது. எம்கேட் மதிப்பெண்ணும் சராசரிக்குச் சற்றுக் கீழே. ஒரு வருடத்தை விட்டுவிட்டு 2025 ஜூனில் போடுவது, அதுவே கடைசி முயற்சி என்று முடிவெடுத்தாள். 'கடைசி' என்ற சொல் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஏன் இப்பவே அபசகுனமா பேசறா?" என்றாள். எனக்கென்னவோ அந்தச் சொல்தான் அவளைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. முடிவில்லாத முயற்சியில் எந்த மறுப்பும் முழு மறுப்பு ஆகாது, எந்த நாளும் முழு நாள் ஆகாது. ஓர் எல்லை போட்ட பிறகு அவளால் இரண்டாம் வழியையும் கூச்சமில்லாமல் பார்க்க முடிந்தது. பொதுச் சுகாதார முதுகலைக்கும் விண்ணப்பித்தாள். மேற்படிப்பில் சேர்ந்தால் எஃப்-1 நிலை தொடரும், அது முடிந்தபின் அந்தப் படிப்புக்கான புதிய ஓபிடியும் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழகங்கள் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பில் வெளிநாட்டவரின் எம்கேட் மதிப்பெண்ணை ஏற்கின்றன என்பதையும் விசாரித்து வைத்தாள். ஒரு நுணுக்கம் பலர் தவறவிடுவது: ஓபிடி முடிந்த நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் அடுத்த படிப்பு தொடங்கினால்தான் எஃப்-1 நிலையைப் புதிய கல்லூரிக்கு மாற்றுவது செல்லும், அதற்கான ஏற்பாட்டையும் முடிந்த 60 நாளுக்குள் செய்துவிட வேண்டும். ஜூனில் முடிந்து ஆகஸ்டில் தொடங்குவதென்றால் கவலையில்லை. ஜனவரியில் முடிகிற கணக்கென்றால் ஆகஸ்டுப் படிப்பு எட்டாது.

பணத்தைப் பற்றியும் வீட்டில் முதலிலேயே பேசிவிட வேண்டும். இடம் கிடைத்த பிறகு பேசலாம் என்று பல குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தர வதிவாளரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருடக் கட்டணம் தொடங்கி நான்கு வருடக் கட்டணம் வரை மொத்தமாக எஸ்க்ரோ என்ற, நாமே எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன. 2025இல் விண்ணப்பச் செலவே முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 45க்கு மேல், செகண்டரிக்குத் தனி. ஏழை மாணவர்களுக்கான கட்டணச் சலுகையும் எஃப்-1 மாணவருக்குப் பொருந்தாது. கட்ட முடியாத கல்லூரியின் பதிலுக்காக ஒன்பது மாதம் தவிப்பதைப் போல வீணான தவிப்பு வேறில்லை. அப்படிப்பட்ட நான்கு கல்லூரிகளை அவள் இரண்டாம் முறை பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

நம் கையில் இல்லாத மாற்றங்களும் நடுவில் வரும். 2025 மே கடைசியில் அமெரிக்கத் தூதரகங்கள் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதை நிறுத்திவைத்தன. மூன்று வாரம் கழித்து, சமூக ஊடகக் கணக்குகளைப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு திரும்பத் தொடங்கின. ஆகஸ்டில், படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற பழைய ஏற்பாட்டை மாற்றி அதிகபட்சம் நான்கு வருடம் என்று வரம்பு போடும் வரைவு விதி வெளியானது. அவளுடைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. ஊருக்கு வந்தால் சென்னையில் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். அந்த வருடம் திருக்கடையூரில் தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம். அவள் வரவில்லை. வீடியோவில் பார்த்தாள். திரும்ப விண்ணப்பிப்பதற்குச் செலவு என்று யாராவது கணக்குப் போட்டால் இதையும் அதில் எழுத வேண்டும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்ன ஆச்சு?" என்று வாரம் ஒருமுறை கேட்காதீர்கள். ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பெண் சொல்லாமல் இருப்பாளா? அவளே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தின் நிலையை ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்த்துக்கொண்டிருந்தவள், வெள்ளிக்கிழமை மாலை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். நேர்காணல் அழைப்புக்கு உடனே பதில் போடாவிட்டால் நல்ல தேதிகள் போய்விடும் என்பதால் அந்த மின்னஞ்சல்களுக்கு மட்டும் போனில் தனி ஒலி. பார்த்த பிறகு சனிக்கிழமை காலையில் குடும்பத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவாள். செய்தி இல்லையென்றால் "ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன்" என்று அதையும் சொல்வாள். மற்ற நாட்களில் யாரும் கேட்கக் கூடாது. அப்பா இப்போது மார்க்கைக் கேட்பதில்லை. "அடுத்த தேதி எது?" என்று கேட்டு, தினசரி நாட்காட்டியில் அந்தத் தாளின் மூலையை மடித்து வைக்கிறார்.

ஆய்வகத்தில் அவள் செய்வது எலியின் இதயத் தசைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது. மூச்சை அடக்கிச் செய்ய வேண்டிய வேலை, கை நடுங்கினால் சீவல் கிழிந்துவிடும். அதில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போனையே மறந்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காப்பீடு இல்லாதவர்களுக்கான இலவச மருத்துவ முகாமில் ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளின் ரத்த அழுத்தம் பார்க்கிறாள். முதலில் விண்ணப்பத்தில் எழுதத்தான் போனாள். 2025 ஜூனில் விண்ணப்பத்தை அனுப்பிய பிறகும் அதை விடவில்லை. இரண்டாம் முறை விண்ணப்பத்துக்கு இதுவரை இரண்டு நேர்காணல்கள் முடிந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து வெயிட்லிஸ்ட், மற்றதிலிருந்து இன்னும் பதில் இல்லை. பொதுச் சுகாதாரப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, முன்பணம் கட்டக் கடைசி நாள் ஏப்ரல் 15. மருத்துவக் கல்லூரிகள் அசையும் நாள் ஏப்ரல் 30. நடுவில் இருக்கும் பதினைந்து நாளுக்காக அந்த முன்பணம் திரும்பி வராமல் போகலாம் என்று தெரிந்தும் கட்டிவிடுவதாக முடிவெடுத்திருக்கிறாள். அக்காவும் சரி என்று சொல்லிவிட்டாள்.